காவ் சான் சாலையைக் கெடுத்தது யார்?

கேள்வி: பாங்காக்கின் காவ் சான் சாலைக்கு இருபது வருடங்களுக்கு முன்பு போய்வந்த என் நண்பர், "வெள்ளைக்காரர்கள் மட்டும் வந்தவரை அந்தத் தெரு நன்றாக இருந்தது. இந்தியர்களும் சீனர்களும் போக ஆரம்பித்துக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார். என் மகன் கல்லூரி நண்பர்களோடு அங்கே போவதாக இருக்கிறான். நண்பர் சொல்வது சரியா? மகனை அனுப்பலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சரியில்லை. தெரு மாறியது உண்மை. பழியைத்தான் உங்கள் நண்பர் தப்பான ஆள் மீது போடுகிறார்.

காவ் சான் மொத்தமே 400 மீட்டர் நீளம். 1892-ல் மன்னர் சூலாலங்கார்ன் காலத்தில் போட்ட சாலை. பக்கத்தில் அரிசிச் சந்தை. சுற்றியுள்ள பாங்லம்பூ, பள்ளிச் சீருடைக் கடைகளுக்கும் தங்க ரேக்கு அடிப்பவர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் பேர்போன பேட்டை. 1982-ல் பாங்காக்கின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டினர் வந்து குவிந்தார்கள். அரண்மனைக்கு நடக்கும் தூரத்தில் மலிவாகப் படுக்க இடம் தேடியவர்களுக்கு, இங்கிருந்த குடும்பங்கள் தங்கள் மர வீடுகளில் அறைகளை வாடகைக்கு விட்டன. முதுகுப்பையோடு குறைந்த செலவில் ஊர் சுற்றும் பேக்பேக்கர்கள் அப்படித்தான் வந்தார்கள். உங்கள் நண்பர் பார்த்து மயங்கிய காவ் சான், அரிசி மண்டிக்காரர்கள் கண்ணுக்கு ஏற்கெனவே கெட்டுப்போன காவ் சான்.

அந்த நாளில் அது வெறும் குடித்தெரு இல்லை. பகலில் அங்கே ஆயிரம் வேலை இருந்தது. தெற்குத் தீவுகளுக்குப் பஸ்ஸும் படகும் சேர்த்த டிக்கெட், கம்போடியா விசா, பழைய புத்தகக் கடை, வீட்டுக்குப் பேச தொலைபேசிக் கடை, பிறகு மின்னஞ்சல் பார்க்க இன்டர்நெட் கடை. அடுத்த ஊர் எது, எப்படிப் போவது, எங்கே ஏமாற்றுவார்கள் என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொண்ட இடம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு வரைபடம் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அங்கே பிழைக்க முடிந்தது.

அந்தப் பிழைப்பையெல்லாம் கைபேசி எடுத்துக்கொண்டது. அறை, விமானம், படகு, விசா எல்லாம் ஊரிலிருந்தே முடிந்துவிடுகிறது. மலிவு விமானங்கள் வந்தபின் பலர் பாங்காக்கில் இறங்காமல் நேரே தீவுக்கே போய்விடுகிறார்கள். பகல் வியாபாரம் படுத்த தெருவில் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனால், அதைக் கட்டக்கூடிய சரக்கு மதுதான். அதனால் பார்கள் பெருத்தன. எதிரெதிர்க் கடைகள் ஒன்றை ஒன்று அமுக்கும் சத்தத்தில் ஸ்பீக்கர் வைத்தன. தெருவின் ஒரு முனைக்கு எதிரே வாட் சானா சோங்க்ராம் என்ற பழைய பௌத்த மடம் இருக்கிறது. அந்த இரைச்சல் சுற்றுலாக்காரருக்கு ஓரிரவு. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு வருடம் முழுக்க.

அடுத்த அடி அரசாங்கத்திடமிருந்து வந்தது. 2014 ராணுவப் புரட்சிக்குப் பின் பாங்காக் முழுக்க நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். 2018 ஆகஸ்டில் அது காவ் சானுக்கும் வந்தது. பகலில் கடை போடக் கூடாது, மாலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை மட்டும் என்றார்கள். வியாபாரிகள் எதிர்த்துப் போராடினார்கள். பிறகு கிட்டத்தட்ட 5 கோடி பாட் (தாய்லாந்துப் பணம்) செலவில் சாலையையும் நடைபாதையையும் ஒரே மட்டமாக்கி, 2020-ல் புதுத் தெருவாகத் திறந்தார்கள். திறந்த நேரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் யாரும் இல்லை. கொரோனா. 2019-ல் சுமார் 4 கோடிப் பேர் வந்த நாட்டுக்கு 2021-ல் ஐந்து லட்சம் பேர்கூட வரவில்லை. குடும்பங்கள் நடத்திய சின்ன விடுதிகளுக்கு அதைத் தாங்கும் சக்தி எங்கிருந்து வரும்? கையில் பணம் வைத்திருந்தவர்கள்தான் தாங்கினார்கள்.

2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். காலியாகக் கிடந்த கடைகளில் பச்சை இலைப் பலகைகள் ஏறின. 2025-ல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மறுபடி கயிற்றை இறுக்கினார்கள். ஏறக்குறைய மூன்று வருடத்தில் இத்தனை புரட்டல். இவற்றில் எந்த முடிவை இந்தியரோ சீனரோ எடுத்தார்?

உங்கள் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். தாய்லாந்தின் இளைஞர்களும் பல வருடங்களாகவே அந்தத் தெருவுக்கு வருகிறார்கள். வார இறுதியில் மேடைப் பாட்டு கேட்டபடி பெரும் கூட்டமாக உட்கார்ந்திருப்பது அவர்கள்தான். கொரோனா காலத்தில் ஊரடங்கு தளர்ந்த நாட்களில் தெருவுக்கு உயிர் கொடுத்தவர்களும் அவர்களே. சொந்த ஊர்த் தெருவில் சொந்த ஊர்ப் பிள்ளைகள் உட்காருவதைக் 'கெட்டுப்போனது' என்றால், அந்தத் தெரு யாருக்காக இருக்க வேண்டும் என்கிறார் நண்பர்?

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தார்கள். 2024-ல் 20 லட்சத்துக்கு மேல் போனோம். அதில் குடும்பத்தோடு போனவர்கள், தேனிலவு போனவர்கள், ஊர் பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த நாட்டுக்குப் போனாலே எந்தப் பெண்ணையும் விலை கேட்கலாம் என்ற நினைப்போடு கூட்டமாகக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் பெண்ணையும் ஜூஸ் விற்கும் பெண்ணையும் அந்தக் கண்ணால் பார்க்கிறார்கள். இது அசிங்கம். எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளைக்காரர்களும் பத்தாண்டுக் கணக்கில் இதைத்தான் செய்தார்கள் என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் இதை ஒரு தெரு மாறியதற்குக் காரணமாகச் சொன்னால், வாடகையை ஏற்றியவர்களும் வண்டிக்கடையைத் துரத்தியவர்களும் தப்பித்துவிடுவார்கள்.

தெருவில் இன்றும் தேள் வறுத்துக் குச்சியில் குத்தி விற்கும் வண்டிகள் நிற்கின்றன. தின்பவர்களைவிடப் படம் எடுப்பவர்கள் அதிகம் என்பதால், படத்துக்கே 10 பாட் என்று அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பேராசை என்று திட்டிப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுக்கத் தன்னைச் சும்மா படமெடுத்துவிட்டு நகரும் கூட்டத்திடம், இரவு வாடகைக்கும் எண்ணெய்க்கும் அந்த மனிதர் வேறு எதைக் கேட்பார்?

மகனை அனுப்புங்கள். தெருவைக் காலையிலும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மடத்துக்குள் போய்வரலாம், சக்ரபோங்சே பள்ளிவாசல் சந்தில் நடக்கலாம், பிரா ஆதித் படகுத்துறையில் ஆற்றுப் படகு ஏறலாம். மாலையில் ரொட்டி வண்டியைத் தேடிப் போகட்டும். நம் பரோட்டா மாஸ்டர் போலவே மாவை வீசி விரித்து, வாழைப்பழம் நறுக்கிப் போட்டு மடித்து, மேலே கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுக்கட்டும். சிரிப்பு வாயு நிரப்பிய பலூனை யாராவது நீட்டினால் வாங்கவே கூடாது, அது அங்கே சட்டவிரோதம். இரவில் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) ஏறினால் விலையை முதலிலேயே பேசிக்கொள்ளட்டும்.