சட்டம் கேளுங்கள்: ஃபிரேம் மட்டும் வாங்கினாலும் துப்பாக்கி வாங்கியதுதான்

நான் நியூ ஜெர்சியில் குடியேற்ற வழக்குகளும் அவற்றோடு ஒட்டிவரும் குற்ற வழக்குகளும் பார்க்கும் வக்கீல். இந்த முறை வந்த கடிதங்களில் துப்பாக்கி பற்றியவை அதிகம். நம்மவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வாங்குகிறவர்கள் விசாவையும் கிரீன் கார்டையும் பறிகொடுக்காமல் இருக்க வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான்.

கேள்வி: போன வருடம் கிரீன் கார்டு வந்தது. டாலஸில் இருக்கிறேன். கைத்துப்பாக்கியின் ஃபிரேமை (மற்ற பாகங்கள் பொருந்தும் உடல் பகுதி) ஓரிடத்திலும் ஸ்லைடு (மேலே முன்பின் நகரும் பகுதி), பேரலை (தோட்டா பாயும் குழல்) வேறிடத்திலும் ஆன்லைனில் வாங்கி நாமே சேர்த்துக்கொண்டால் பதிவு, படிவம் எதுவும் வேண்டாம் என்கிறார் நண்பர். உண்மையா?

நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் சிக்குகிறார்கள்.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஃபிரேம்தான் துப்பாக்கி. ஸ்லைடு இல்லை, பேரல் இல்லை, ட்ரிகர் இல்லை, வெறும் ஃபிரேம் மட்டும் பெட்டியில் வந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கி. கிளாக் துப்பாக்கியில் ஸ்லைடு, பேரல், ஃபிரேம் மூன்றிலும் சீரியல் நம்பர் இருக்கும். ஆனால் ஃபிரேமில் பதித்த சின்ன உலோகத் தகட்டில் இருக்கும் நம்பர்தான் சட்டத்துக்குக் கணக்கு. சிக் என்ற இன்னொரு நிறுவனத்தின் பி320 மாடலில் கதையே வேறு. கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் கிரிப் துப்பாக்கி ஆகாது. அதற்குள் உட்காரும் ஃபயர் கண்ட்ரோல் யூனிட் என்ற உலோகப் பகுதிதான் துப்பாக்கி. அதன் சீரியல் நம்பர் கிரிப்பில் உள்ள சின்ன ஜன்னல் வழியே தெரியும். அதனால் எதை வாங்குகிறீர்கள் என்று மாடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆன்லைனில் ஃபிரேம் வாங்கினால் அது உங்கள் வீட்டுக்கு வராது, உங்கள் ஊரில் உரிமம் உள்ள டீலர் ஒருவரிடம்தான் வந்து சேரும். அங்கே போய் 4473 படிவத்தை நிரப்ப வேண்டும். கிரீன் கார்டுக்காரர் என்பதால் உங்கள் ஏலியன் நம்பரையும் (குடியேறியோருக்கு அரசு தரும் எண்) அதில் எழுத வேண்டும். டீலர் பின்னணிச் சோதனை முடித்த பிறகுதான் தருவார். படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம். நண்பர் பெயரில் வாங்கி உங்களுக்குத் தரச் சொல்வதும் அப்படித்தான். உங்களுக்கு வாங்கத் தகுதி இருந்தாலும் அது குற்றம்தான் என்று 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மற்ற பாகங்களுக்கு டெக்சஸில் பொதுவாகப் படிவம் கிடையாது, வீட்டுக்கே வரும். இரண்டு விலக்குகளை மட்டும் மறக்க வேண்டாம். சைலன்சருக்கென்றே செய்த பாகங்கள் கூட்டாட்சிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும். அப்புறம், கிளாக் துப்பாக்கியைத் தொடர்ந்து சுட வைக்கும் ‘ஸ்விட்ச்’ என்று மலிவாக விற்கிறார்களே, அந்தச் சின்னத் துண்டே சட்டப்படி மெஷின் கன். துப்பாக்கியே இல்லாமல் அது மட்டும் மேசை டிராயரில் இருந்தாலும் சிறைதான். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பதிவு என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சஸில் துப்பாக்கிப் பதிவேடு இல்லை. நாடு முழுவதற்குமான பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மாநிலம் மாறும்போதுதான் தலைவலி ஆரம்பம், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: வேலை மாறி டெக்சஸின் ஆஸ்டினிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வருகிறோம். நான் அமெரிக்கக் குடிமகன். டெக்சஸில் முறையாக வாங்கிய கிளாக் 19 இருக்கிறது. அங்கே பதிவு செய்ய வேண்டுமா?

ஆமாம். 2022இல் வந்த சட்டப்படி, நியூ ஜெர்சிக்குக் குடிவருகிறவர்கள் 60 நாட்களுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, கொண்டுவந்த துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். இனி இங்கே புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெர்மிட் வேண்டும்.

துப்பாக்கியைவிட உங்கள் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) பற்றித்தான் எனக்குப் பயம். கிளாக் 19 உடன் சாதாரணமாக வருவது 15 தோட்டா மேகசின். நியூ ஜெர்சியின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 10க்கு மேல் கூடாது என்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தன என்பதை நம்பி எடுத்து வராதீர்கள், டெக்சஸிலேயே விற்றுவிட்டு வாருங்கள். வரும் வழியில் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. பூட்டிய பெட்டிக்குள் வைத்து டிக்கியில் போடுங்கள். டாஷ்போர்டு அறை பூட்டிய பெட்டி ஆகாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2013இல் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், பென்சில்வேனியா துப்பாக்கி பெர்மிட்டோடு நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டி வந்தார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது துப்பாக்கி இருக்கிறது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். அந்த பெர்மிட் இங்கே செல்லாது. உரிமம் இல்லாத கைத்துப்பாக்கிக்கு இந்த மாநிலத்தில் கட்டாயச் சிறை உண்டு. அவருக்கு 2015இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்ததால் வழக்கு முடிந்தது. எல்லாருக்கும் கவர்னர் வரமாட்டார்.

கொண்டுபோன கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய, மேரிலாந்துக்குப் போகிறவர்களுக்கு 90 நாள், கலிஃபோர்னியாவுக்கு 60 நாள், ஹவாய்க்கு வெறும் 5 நாள். ஃப்ளோரிடாவிலோ பதிவேடு வைப்பதையே மாநிலச் சட்டம் தடை செய்கிறது. நியூயார்க்கில் முதலில் உரிமம், பிறகுதான் கைத்துப்பாக்கி. ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் அந்த உரிமத்தில் ஏற வேண்டும். 1911இலிருந்தே அங்கே உரிமம் கட்டாயம்.

கேள்வி: ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா. பல வருடம் முன்பு ஆர்வத்தில் ‘80 சதவீத’ பிஸ்டல் ஃபிரேம் கிட் ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கராஜில் கிடக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. முழுதாக முடிக்காத ஃபிரேம் துப்பாக்கி இல்லை என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் விற்றார்கள். சீரியல் நம்பர் கிடையாது, பின்னணிச் சோதனை கிடையாது. போலீஸ் தடம் பிடிக்க முடியாத இவற்றைத்தான் கோஸ்ட் கன் என்கிறார்கள். கலிஃபோர்னியா 2022இல் கொண்டுவந்த சட்டம் சீரியல் நம்பர் இல்லாத ஃபிரேமையும் முடிக்காத ஃபிரேமையும் தடை செய்தது. வைத்திருப்பவர்கள் நம்பர் போட்டுக்கொள்ள 2024 ஜனவரி 1 வரை அவகாசம் இருந்தது. அந்தத் தேதி போய்விட்டது. பெட்டி பிரிக்காததால் நீங்கள் தப்பிவிட முடியாது.

நல்லெண்ணத்தில் அதைக் காரில் போட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். விற்கவோ வேறு மாநில நண்பருக்கு அனுப்பவோ அறவே கூடாது. உங்கள் ஊர் குற்றவியல் வக்கீல் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர் போலீசோடு பேசி ஏற்பாடு செய்வார்.

கூட்டாட்சி அளவிலும் நிலைமை மாறிவிட்டது. எளிதில் துப்பாக்கியாக்கக் கூடிய கிட்டும் துப்பாக்கியே என்று, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் 2022இல் விதி போட்டது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், ஐகியா கடையில் வாங்கிய மேசையைப் பூட்டிச் சேர்க்க இன்னும் சில மணி நேரம் ஆகும் என்றாலும் அதை மேசை என்றுதானே சொல்கிறோம் என்று கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த வாதம் அது. நாளை மத்தியில் விதி தளர்ந்தாலும் கலிஃபோர்னியா சட்டம் தன்பாட்டில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் கணவர் குடியுரிமை பெற்றவர். எனக்கு இன்னும் எச்1பி வேலை விசாதான். அவர் துப்பாக்கி வாங்கி வீட்டு லாக்கரில் வைத்திருக்கிறார். லாக்கர் நம்பர் எனக்கும் தெரியும். போன வாரம் ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சி இடம்) என்னையும் சுடச் சொன்னார், பயந்து மறுத்துவிட்டேன். சரிதானே?

சரியே சரி அம்மா. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே முக்கியமானது உங்களுடையது.

குடியேறாதோர் விசாவில் வந்தவர்கள், எச்1பி, அவர்கள் குடும்பத்தாரின் எச்4, மாணவர்களின் எஃப்1, சுற்றுலா பி2 யாராக இருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. ஃபிரேமும் துப்பாக்கி என்பதால் அதற்கும் இதே விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அது இல்லாமல் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை ஐந்து நிமிடம் பிடித்தாலும் ‘வைத்திருத்தல்’தான். லாஸ் வேகாஸுக்குச் சுற்றுலா வரும் உறவினர்களை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது ஏட்டுச் சட்டம் மட்டும் இல்லை. ஃப்ளோரிடாவில் மாணவர் விசாவில் வந்த ஒருவரைக் கல்லூரி நீக்கிவிட்டது. ஊர் திரும்பாமல் இருந்தவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், வழக்கானது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த ரெஹைஃப் வழக்கில், தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு உங்கள் விசா நிலை தெரியும், எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

லாக்கர் நம்பர்தான் உடனே சரிசெய்ய வேண்டியது. துப்பாக்கி அவர் பெயரில் இருந்தாலும், நினைத்தபோது நீங்கள் எடுக்க முடியும் என்றால் அது உங்கள் வசமும் இருப்பதாக அரசுத் தரப்பு வாதிட இடமுண்டு. இன்றைக்கே கணவர் நம்பரை மாற்றட்டும், உங்களிடம் சொல்ல வேண்டாம். தோட்டாக்களும் அதே லாக்கருக்குள் போகட்டும். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாலும் எச்1பி எச்1பிதான். அட்டை கைக்கு வரும்வரை பொறுங்கள். வந்த பிறகும் கவனம் வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது.

கேள்வி: மதுரையில் மாமாவிடம் உரிமம் உள்ள பிஸ்டல் இருக்கிறது. அதற்கு இங்கிருந்து ஒரு பேரல் வாங்கிப் பொங்கலுக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா?

வேண்டாம். இங்கே பல மாநிலங்களில் பேரல் வெறும் உதிரிப் பாகம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலோ ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். மாமாவின் உரிமம் நீங்கள் இறக்குமதி செய்யத் தரும் அனுமதி ஆகாது. அமெரிக்காவிலிருந்து பாகங்களை வெளியே கொண்டுபோகவும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் உண்டு. மாமாவுக்குப் பாகம் தேவை என்றால் தன் உரிமத்தைக் காட்டி அங்கேயே உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் கேட்கட்டும். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையும் ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், விமான நிலையத்திலேயே கைதாவதற்கு.