அணு உலைச் செலவு ஏறுவது எங்கே?

கேள்வி: கூடங்குளம் முதல் இரண்டு உலைகள் 13,171 கோடி ரூபாய் என்று தொடங்கி 22,462 கோடிக்குப் போய்விட்டன. பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தினால் பாதி மிச்சம் என்கிறார் நண்பர். உண்மையா?
– ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் வாசகர், சூரமங்கலம்

பதில்: விதி கடுமையாக இருப்பதால் ஏறும் செலவை முதலிலேயே கொட்டேஷனில் போட்டுவிடலாம். பாதி வேலையில் விதி மாறினால்தான் கணக்கு கைமீறும்.

உங்கள் பட்டறையில் பைப்பைப் பற்றவைத்து, கசிவு இல்லையென்றால் வண்டி ஏற்றிவிடுவீர்கள். உலையின் முதன்மைக் குளிர்விப்புக் குழாயில் உருக்கின் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்ற அடையாள எண்), வெல்டிங் ராடின் பேட்ச், வெல்டரின் தகுதிச் சான்று எல்லாம் பதிவாக வேண்டும். பிறகு எக்ஸ்ரே. ஃபிலிமில் குறை தெரிந்தால் வெட்டியெடுத்து மறுபடி வெல்டிங். காகிதம் தொலைந்தால் நல்ல மூட்டும் தேறாது.

இனி விதி மாறும் கதை. 1975 மார்ச்சில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில், கேபிள் சுவரைக் கடக்கும் துளையில் காற்று கசிகிறதா என்று மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்தார்கள் (நம்பித்தான் ஆகவேண்டும்). அடைப்பு நுரை பற்றிக்கொண்டு 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. அதன்பின் வந்த விதிப்படி, ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்க வேண்டிய இரு கேபிள் வரிசைகளுக்கு நடுவே 3 மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும். இல்லையேல் 20 அடி இடைவெளியும், தீ உணர்வியும், தானாக அணைக்கும் கருவியும் வேண்டும். வரைபடத்தில் இது ரப்பரும் பென்சிலும் எடுக்கும் வேலை. கான்கிரீட் போட்டு, ட்ரே மாட்டி, கேபிள் இழுத்த பிறகு என்றால் சுவரைத் துளைத்து எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும். அடுத்து 1979-இல் அமெரிக்காவிலேயே மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்து, மறுபடி திருத்தங்கள்.

வேலை முடியும்வரை கட்டுமானக் கடனுக்கு வட்டி நிற்காது. 20,000 கோடிக்கு 8 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 4 கோடியே 38 லட்சம்.

கூடங்குளத்தில் பழியை விதியின் மேல் போட முடியாது. உருகிய எரிபொருளைப் பிடித்து வைக்கும் தொட்டி, மின்சாரமே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இரண்டும் தொடக்க வடிவமைப்பிலேயே இருந்தன. 2002-இல் கட்டத் தொடங்கிய முதல் உலை 2014 டிசம்பர் 31-இல்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. தளவாடங்கள் வரிசை தப்பி வந்ததும், 2011-12 போராட்டத்தில் வேலை முடங்கியதும் காலத்தை விழுங்கின. நண்பரிடம் சொல்லுங்கள்: முதல் கான்கிரீட்டுக்கு முன் வரைபடத்தை முடித்துவிட்டு, அதே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டினால் மிச்சம் கிடைக்கும். 2017-இல் ஒரே மாதிரி 700 மெகாவாட் உலைகள் 10-க்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததன் கணக்கும் அதுதான்.

கேள்வி: சேர்வராயன் மலையில் கெட்டியான பாறை இருக்கிறதே, இங்கே கட்டினால் அஸ்திவாரச் செலவு குறையுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அஸ்திவாரத்தில் கொஞ்சம் குறையலாம். தண்ணீருக்கு எங்கே போவது? 1,000 மெகாவாட் உலையின் குளிர்விப்புக் கோபுரத்தில் தினமும் சுமார் 6 கோடி லிட்டர் ஆவியாகும். ஏற்காடு ஏரி தாங்காது. 300 டன்னுக்கு மேல் எடையுள்ள உலைக்கலனை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுவதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.