பஸ்கி, தண்டால், நடை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஜிம்முக்குப் போக வசதியில்லை. வயது 29. இதுவரை எதுவும் செய்ததில்லை. வீட்டிலேயே எப்படித் தொடங்குவது?

பதில்: ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்று நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி 8. மேசை விளிம்பில் கையூன்றித் தண்டால் 8. முதுகுக்கு, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, 5 கிலோ அரிசிப் பையை மறுகையால் இடுப்புவரை இழுப்பது, பக்கத்துக்கு 8. எல்லாம் இரண்டு சுற்று, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு.

தரைத் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கை தாங்குகிறது; 75 கிலோ ஆளுக்கு 50 கிலோ. பழகாதவருக்கு இடுப்பு தொய்ந்துவிடும். அதனால்தான் மேசை. இரண்டு சுற்றிலும் 12 சுத்தமாக வந்தபின் கையூன்றும் உயரத்தைக் குறையுங்கள். எண்ணிக்கை, சுற்று, கடினம் மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றாதீர்கள்.

“இன்னும் இரண்டு எடுக்கலாம்” என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். முதல் நாளே பந்தயம் கட்டி 200 பஸ்கி போட்டால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: தொப்பை மட்டும் குறைய எது செய்யலாம்?

பதில்: எதுவும் இல்லை. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும். மேலுள்ள கொழுப்பு மொத்த உடம்போடுதான் குறையும்.

கேள்வி: மறுநாள் தொடை வலிக்கிறது. லாக்டிக் அமிலமா சார்?

பதில்: இல்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். பழகாத தசை இறங்கும்போது பாரத்தைத் தாங்குவதால் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் காரணம். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கும். மெல்ல நடந்தால் இதமாக இருக்கும். மூட்டில் குத்தினால் அது வேறு; நிறுத்துங்கள்.

கேள்வி: பஸ்கியில் முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது என்கிறார் எங்கள் கோச். தாண்டினால் தவறா?

பதில்: தாண்டலாம். மாடிப்படி இறங்கும்போதும் தாண்டத்தான் செய்கிறது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடை அளவு பளுவைத் தோளில் ஏற்றிய ஆண்களை இருவிதமாக உட்காரவைத்தார்கள். முட்டியைப் பலகையால் தடுத்தபோது முட்டியின் திருப்புவிசை, அதாவது மூட்டைச் சுழற்றப் பார்க்கும் பாரம், 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28-லிருந்து 303-க்கு ஏறியது. முட்டி போகாத இடத்துக்கு உடம்பு முன்னால் சாய்ந்து ஈடுகட்டுகிறது. சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போய்விடுகிறது.

பார்க்கவேண்டியவை இரண்டு: குதிகால் தரையில் இருக்கிறதா, முட்டி உள்பக்கம் மடங்காமல் பாதத்தின் திசையிலேயே போகிறதா. குதிகால் தூக்கினால் கணுக்கால் இறுக்கம். அடியில் 2 சென்டிமீட்டர் பலகை வையுங்கள்.

கேள்வி: மேலே சொன்னது ஆபத்தான அறிவுரை. என் அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். டாக்டரே கீழே உட்காராதீர்கள் என்றார்.

பதில்: அம்மாவுக்கு டாக்டர் சொன்னதுதான் சரி. ஏற்கெனவே வலிக்கும் முட்டிக்கான அறிவுரை அது. அவர் எவ்வளவு உயரத்திலிருந்து உட்கார்ந்து எழலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அசைவையே விட்டுவிட்டால் தொடைத்தசை மெலிந்து முட்டிக்குப் பிடிமானம் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் எங்கள் கோச் சொன்னது பொய்யா?

பதில்: பொய்யில்லை. இடுப்பைப் பின்னால் தள்ளாமல் முட்டியை மட்டும் மடக்கும் புதியவருக்கு அது நல்ல குறிப்பு. எல்லோருக்கும் சட்டமாக்கினால்தான் தவறு. முட்டியைப் பற்றி இத்துடன் போதும். இன்னும் நான்கு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: தினம் 10,000 அடி கட்டாயமா?

பதில்: 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வேறு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப்பயிற்சி. பேச முடிந்து பாட முடியாத வேகம் மிதமானது.

கேள்வி: தொப்பைக்கு ஏதாவது...

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: எடை 60 கிலோ. புரோட்டீன் பவுடர் வேண்டும் என்று அக்கா சொல்கிறாள். வேண்டுமா?

பதில்: உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் வைத்தால் ஒரு நாளைக்கு 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பு, பால், மீன், கொண்டைக்கடலையைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் எட்டாவிட்டால் மட்டும் பவுடர்.

கேள்வி: வயது 58, சர்க்கரைக்கு மாத்திரை. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம், நின்றால் சரியாகிறது. நானும் பஸ்கி தொடங்கலாமா?

பதில்: ஐயா, இன்று எதுவும் தொடங்காதீர்கள். உழைத்தால் வந்து, ஓய்ந்தால் போகும் இறுக்கம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வில் எடுக்கும் இசிஜி சரியாக இருந்தாலும், மாடி ஏறும்போது வருகிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தால், அல்லது கை, தாடைக்குப் பரவினால், நாளைவரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: காய்ச்சலால் மூன்று வாரம் விட்டுப்போச்சு. விட்ட இடத்திலிருந்தே தொடரலாமா?

பதில்: வேண்டாம். பாதிச் சுற்றில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் பழைய கணக்குக்கு வாருங்கள். டெங்கு என்றால் டாக்டர் அனுமதித்த பிறகு.