கொரியன் நூடுல்ஸ் சாப்பிட்டு வயிறு எரியுது, கேன்சரா இருக்குமா டாக்டர்?

கேன்சர் பயத்தை முதல்ல ஓரமா வைங்க தம்பி. 26 வயசு, குடும்பத்துல யாருக்கும் இரைப்பை கேன்சர் கிடையாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி. ஆனா எரிச்சல், ஏப்பம், எம்எஸ்ஜி (அதான் அஜினோமோட்டோ), மெழுகு, டென்மார்க் தடைன்னு அவ்வளவு எழுதிட்டு கடைசில போற போக்குல "மூணு நாலு தடவை மோஷன் கருப்பா போச்சு, சாபகெட்டி நூடுல்ஸ் சாப்பிட்டதால இருக்கும்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, லெட்டர் முழுக்க எனக்கு அந்த வரிதான் முக்கியம். அதுக்கு மேல முதுகு வலிக்கு அம்மா கட்டிக்கொடுத்த மருந்து டப்பாவுலேர்ந்து தினமும் டைக்ளோஃபெனாக் போடுறேன்னு இருக்கு, இன்னும் மேல கொரியா ஹாஸ்டல்ல படி ஏறினா மூச்சு வாங்குது, சரியா தூங்காததால இருக்கும்னு இருக்கு. நீங்க மூணையும் தனித்தனியா எழுதியிருக்கீங்க, நான் மூணையும் ஒரே சங்கதியாதான் படிக்கிறேன்.

இரைப்பையிலயோ சிறுகுடலோட ஆரம்பத்துலயோ புண்ணாகி ரத்தம் கசிஞ்சா அது பெரும்பாலும் சிவப்பா வெளிய வராது, ஆசிட்டுலயும் குடல்லயும் மாறி கருப்பாதான் வரும். தார் மாதிரி பளபளப்பா, பிசுபிசுன்னு, ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணினாலும் பீங்கான்ல ஒட்டிட்டு நிக்கும், நாத்தம் வழக்கமான நாத்தமா இருக்காது, ஒரு தடவை மோந்தவங்களுக்கு மறக்காது. சாபகெட்டி கருப்பு வேற. அது கருப்பு பீன்ஸ் பேஸ்ட்டும் கேரமல் கலரும் சேர்ந்தது, கொஞ்சம் கரும்பழுப்பா போகலாம், ஆனா ஒட்டாது, நாறாது, சாப்பிடறதை நிறுத்தினா ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கருப்பா போகும், அதுவும் பயமில்ல. உங்களுக்கு எந்த கருப்புன்னு நீங்க எழுதல, ஆனா கூடவே மூச்சும் வாங்குதுங்கறதால நான் அதை நூடுல்ஸ் கலர்னு விடத் தயாரா இல்ல, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா போய் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தா அப்படித்தான் மூச்சு வாங்கும்.

இதுல நூடுல்ஸை விட எனக்கு சந்தேகம் அந்த மாத்திரை மேலதான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் வலியை குறைக்கிற அதே வேலையில இரைப்பையோட பாதுகாப்பு படலத்தையும் கெடுத்துடும். அதை வாரக்கணக்கா, பாதி நாள் வெறும் வயித்துல, வீக்எண்ட்ல சோஜூங்கற கொரியன் சரக்கோட சேர்த்து போட்டிருக்கீங்க, யாரும் எழுதிக்கொடுக்காம. எரிச்சலுக்கு பான்டாப்ரசோலும் நீங்களே ஆரம்பிச்சு "இப்ப பரவால்ல"ன்னு எழுதியிருக்கீங்க. எரிச்சல் அடங்கினா புண் ஆறிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது தம்பி, எத்தனையோ பேருக்கு வலியே இல்லாம ரத்தம் போயிருக்கு. பாசத்துல அம்மா கட்டிக்கொடுத்தது, அவங்கள குத்தம் சொல்லல, ஆனா வெளிநாடு போற பிள்ளைங்க பெட்டியில வலி மாத்திரையை ஊறுகாய் பாட்டில் கணக்கா அடுக்கி அனுப்புற வழக்கம் நிக்கணும்.

இந்த பதிலை பாத்த உடனே, இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. டைக்ளோஃபெனாக் இந்த நிமிஷத்தோட நிறுத்தம், முதுகு வலி தாங்கலன்னா பாராசிட்டமால் போதும், கொரியால கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயே டைலினால்னு கிடைக்கும், அட்டையில இருக்கற அளவை தாண்டாதீங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின் பாக்கணும், எண்டோஸ்கோபி தேவையான்னு அங்க இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. கொரியால எண்டோஸ்கோபி ரொம்ப சாதாரண விஷயம், 40 வயசு தாண்டினவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்க ஸ்கிரீனிங்லயே பண்றாங்க, அதனால பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். எச்.பைலோரி கிருமிக்கும் டெஸ்ட் எடுப்பாங்க, பான்டாப்ரசோல் போடுறேன்னு மறைக்காம சொல்லுங்க, இல்லன்னா கிருமி இருந்தாலும் இல்லன்னு ரிசல்ட் வரலாம். எழுந்து நின்னா கண்ணை கட்டுது, நெஞ்சு படபடங்குது, வாந்தியில ரத்தமோ காப்பிப்பொடி கலர்லயோ ஏதாவது வருது, திரும்ப கருப்பா போகுதுன்னா கிளினிக் திறக்கட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது, 119க்கு போன் போடுங்க, நடுராத்திரியா இருந்தாலும்.

மத்ததுக்கெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். காரத்தால அல்சர் வராது. எரியும், நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு கூடும், மறுநாள் காலைல பாத்ரூம்லயும் எரியும், அவ்வளவுதான், புண்ணுக்கு முக்கியமான காரணம் எச்.பைலோரியும் வலி மாத்திரையும்தான். டென்மார்க்ல 2024 ஜூன்ல மூணு வகை புல்டாக் கார நூடுல்ஸை திரும்ப எடுக்கச் சொன்னது நிஜம், காரத்தைக் கொடுக்கற கேப்சைசின் அளவு ஆபத்து, முக்கியமா குழந்தைங்களுக்குன்னு காரணம் சொன்னாங்க, அடுத்த மாசமே அதுல ரெண்டை விட்டுட்டாங்க.  நூடுல்ஸ்ல மெழுகு பூசறதெல்லாம் கிடையாது, ஆவியில வேகவெச்சு பாம் ஆயில்ல பொரிக்கறாங்க, மேல மிதக்கறது அந்த எண்ணெய். எம்எஸ்ஜியை விடுங்க. கொரியால இரைப்பை கேன்சர் அதிகம்தான், அதுக்கு எச்.பைலோரி, உப்புல ஊறின சாப்பாடு, சிகரெட்னு பல காரணம் சேர்ந்திருக்கு, ராம்யோன், அதாவது கொரியன் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்தான் காரணம்னு வீடியோ போடறவங்களை நம்பாதீங்க. 1989ல சம்யாங் கம்பெனி இண்டஸ்ட்ரியல் மாட்டுக்கொழுப்புல நூடுல்ஸ் பொரிக்குதுன்னு அந்த நாடே கொதிச்சது, 1997ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நிரபராதின்னு வந்தப்ப கம்பெனி எப்பவோ படுத்திருந்துச்சு, வதந்தி அந்த அளவுக்கு வேலை செய்யும்.

நீங்களும் ரூம்மேட்டும் ஒவ்வொரு நூடுல்ஸுக்கும் மார்க் போட்டு அனுப்பின லிஸ்ட்டை முழுசா பாத்தேன். காரத்துக்கு ஒரு கட்டம், சூப்புக்கு ஒரு கட்டம், நூடுல்ஸ் மெல்லற பதத்துக்கு ஒரு கட்டம்னு நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, உப்புக்கு மட்டும் கட்டமே இல்ல. நீங்க பயப்படற புல்டாக் ஒரிஜினல் கார அளவுல 4,404 ஸ்கோவில், "இது ஒண்ணும் பண்ணாது"ன்னு தினமும் சாப்பிடற ஷின் நூடுல்ஸ் 3,400தான். ஆனா பாக்கெட்டை திருப்பி பாருங்க, ஷின் ஒரு பாக்கெட்ல சுமார் 1,790 மில்லிகிராம் சோடியம், புல்டாக்ல சுமார் 1,280. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000க்குள்ள இருக்கணும். உப்புல பெரும்பங்கு சூப்லதான் கரைஞ்சிருக்கு, நீங்க சூப்பை கடைசி சொட்டு வரை குடிச்சு அதுல சோத்தையும் போட்டு பிசையறீங்க, ஓரத்துல கிம்ச்சி வேற. இது நாளைக்கே ஒண்ணும் பண்ணாது, பத்து வருஷம் இப்படியே போனா பிபி மாத்திரையோட உக்கார வைக்கும். ரிப்போர்ட் நல்லா வந்த பிறகு வாரத்துக்கு ஒரு நாள் டேஸ்டிங் வெச்சுக்கோங்க, ஒரு பாக்கெட்டை ரெண்டு பேரும் பங்கு போட்டு, பவுடர் பாதி, ஒரு முட்டை, கீரையோ முட்டைகோஸோ கொஞ்சம், சூப்பை கிண்ணத்துலயே விட்டுடுங்க.

அதுவரைக்கும் காரமும் சோஜூவும் வேண்டாம். அந்த மருந்து டப்பாவை அப்படியே கையோட எடுத்துட்டுப் போங்க, கொரியன் வரலைன்னாலும் அட்டையை காட்டினா டாக்டருக்கு புரிஞ்சிடும்.