குஞ்சு எழும்பி நிற்கவில்லையா? முதலில் தரையைப் பாருங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடியில் பல வருடமாகக் கோழி வளர்க்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை, கைபட்டுப் பழகியவன், அவ்வளவுதான். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி குஞ்சுகளின் காலைப் பற்றியவை. அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன்.

மட்டக்குளியிலிருந்து: அண்ணா, இன்குபேட்டரில் பொரித்து இன்றைக்கு இரண்டாம் நாள். ஒரு குஞ்சு தவளை மாதிரி இரண்டு காலையும் பக்கத்துக்கு விரித்துக்கொண்டு கிடக்கிறது. பெட்டிக்குள் பேப்பர் போட்டிருக்கிறேன்.

தங்கச்சி, அந்தப் பேப்பரை இப்போதே எடுங்கள். வழுக்கும் தரையில் குஞ்சு ஊன்ற ஊன்றக் கால் அகண்டுகொண்டே போகும். நானும் முதல் தடவை ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்துத்தான் பதினொரு குஞ்சு விட்டேன். நாலு குஞ்சு இதே மாதிரி விழுந்தது. பழைய துவாய்த் துண்டோ ரப்பர் மேட்டோ போடுங்கள்.

பிறகு காலைக் கட்ட வேண்டும். பார்மசியில் வாங்கும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். பஞ்சு உள்ள நடுப்பகுதி இரண்டு காலுக்கும் நடுவில் வர வேண்டும். நுனிகளை மூட்டுக்குக் கீழே, செதில் உள்ள தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து பிளாஸ்டரிலேயே ஒட்டுங்கள். இடைவெளி சுமார் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். சரியாக நிற்கும் இன்னொரு குஞ்சைப் பக்கத்தில் வைத்து அதன் கால் அகலத்தைப் பார்த்துக்கொண்டால் அளவுகோலே தேவையில்லை. இறுக்க வேண்டாம். பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள்.

மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை கட்டு இருக்கட்டும், தினமும் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். தானாகக் குடிக்க ஏலாத குஞ்சின் அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு விடுங்கள். மற்றக் குஞ்சுகள் மிதிக்காமல் தனியாக வையுங்கள், ஆனால் அவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில். எலும்பும் தசையும் இளசாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் கட்டினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஒரு வாரம் போனபிறகு கட்டுவது பெரும்பாலும் எங்கள் மனத்திருப்திக்குத்தான்.

தெமட்டகொடையிலிருந்து: கால் நேராகத்தான் இருக்கிறது, விரல்கள் மட்டும் உள்ளுக்குச் சுருண்டு முஷ்டி மாதிரி இருக்கிறது. எனக்கும் அதே கட்டா?

இல்லை தம்பி, இது வேறு. பொரித்த அன்றே சுருண்டிருந்தால் இன்குபேட்டர் சூட்டுக் குழப்பமாக இருக்கலாம், அல்லது தாய்க்கோழியின் தீனில் விட்டமின் பி2 குறைந்திருக்கலாம். சவர்க்காரப் பெட்டி அட்டையில் பாத அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி வைத்து மேலால் டேப் ஒட்டுங்கள். சின்னச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு நாள் போதும்.

பொரித்தபோது நன்றாக இருந்து, பத்துப் பதினைந்து நாளில் சுருண்டு, மூட்டை ஊன்றி நடக்கிறதென்றால் என்ன தீன் போடுகிறீர்கள் என்று பாருங்கள். அரிசிக் குறுணல் மட்டும்தான் என்றால் காரணம் அதுதான். குஞ்சுத் தீனுக்கு மாற்றி, கோழிக்கான விட்டமின் தூளைப் பைக்கற்றில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து கொடுங்கள். பி2 வெளிச்சத்தில் கெடும், ஆகவே தினமும் புதிதாகக் கரைத்து நிழலில் வையுங்கள். அவித்த முட்டை மஞ்சள் கருவும் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சை முட்டை வேண்டாம், வெள்ளைக் கரு பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவும் காலுக்கு வேண்டிய சத்து.

வெள்ளவத்தையிலிருந்து: கொழும்புக் காற்றே ஈரம்தானே, இன்குபேட்டருக்குள் தண்ணீர் வைக்கத்தான் வேண்டுமா? போன தடவை குஞ்சுகள் சவ்வோடு ஒட்டிக்கொண்டன. நான் உரித்து எடுத்தவை எல்லாம் கால் இழுத்தன.

நல்ல கேள்வி அக்கா, நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வெளியில் 28 பாகை சூட்டில் ஈரப்பதம் 80 வீதம் என்று வையுங்கள். அதே காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 47 வீதமளவுக்கு இறங்கிவிடும். முதல் 18 நாளுக்கு அது பரவாயில்லை, குஞ்சு பொரிக்கும் கடைசி மூன்று நாளுக்குப் போதாது, சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது 65, 70 வீதம் வேண்டும். தண்ணீர்த் தட்டை வையுங்கள், திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

சூடு ஏறி இறங்குவதும் காலில் தெரியும். 2022 பங்குனிக் கடைசியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் வெட்டிய நாட்களில் என் இன்குபேட்டரில் முட்டை இருந்தது. பொரித்ததே பாதி, அதிலும் பல குஞ்சுகள் தள்ளாடின.

கிருலப்பனையிலிருந்து: எல்ஈடி பல்ப் போட்டும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்குகின்றன.

எல்ஈடி வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழை பல்ப் அல்லது சூட்டு விளக்கு வேண்டும். முதல் வாரம் விளக்கின் கீழ் 32 முதல் 35 பாகை, பிறகு வாரம் மூன்று பாகை குறையுங்கள். பகலில் வீடே 30 பாகை இருந்தால் பல்பை உயர்த்துங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூட.

பம்பலப்பிட்டித் தொடர்மாடியிலிருந்து: மூன்று வாரக் குஞ்சுகள், கால் வளைகிறது, அலகும் ரப்பர் மாதிரி. கல்சியத்துக்காக முட்டைக்கோழித் தீன் போடலாமா?

வேண்டவே வேண்டாம். முட்டைக்கோழித் தீனில் கல்சியம் மூன்றரை, நாலு வீதம். குஞ்சுக்கு ஒரு வீதமளவு போதும், மிஞ்சினது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் குஞ்சுகளுக்குக் குறைவது பெரும்பாலும் விட்டமின் டி3. கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி தேவையான கதிரைத் தடுத்துவிடும். பல்கனியில் காலை வெயிலில், பாதி நிழலோடு விடுங்கள், காகத்துக்குப் பயந்து மேலே வலையோடு. தீனும் பழசாகிப் பூஞ்சணம் பிடித்ததா என்று மணந்து பாருங்கள்.

வத்தளையிலிருந்து: மூட்டு வீங்கி, கால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவினேன்.

எண்ணெய் இறகில் பட்டால் குஞ்சு குளிரில் விறைக்கும், இனித் தடவாதீர்கள். இது மூட்டின் பின்னால் ஓடும் தசைநாண் அதன் பள்ளத்திலிருந்து விலகிய மாதிரி இருக்கிறது. மாங்கனீசு, கோலின் என்ற சத்துகளின் குறைவில் வரும். முதல் நாளே என்றால் வைத்தியர் உள்ளே தள்ளி விடக்கூடும். நாள் கடந்தால் வலி மட்டும் மிஞ்சும், வேதனையில்லாமல் முடிப்பதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். இதை எழுத எனக்கும் விருப்பமில்லை.

இரண்டு மாதக் குஞ்சு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடக்கிறதென்று வேறு இருவர் கேட்டார்கள். மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மருந்தில்லை, பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் காப்பு. தனியாக்கிவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து மீண்டும்: கட்டினேன் அண்ணா. எழும்பப் பார்த்து முகம் குப்புற விழுகிறது. அவிழ்க்கவா?

அவிழ்க்க வேண்டாம். முதல் சில மணித்தியாலம் அப்படித்தான் விழும். ஒரு தேநீர்க் கோப்பைக்குள் டிஷ்யூ போட்டு, கால் இரண்டும் வயிற்றுக்குக் கீழே வரும்படி அரை மணித்தியாலம் உட்கார வையுங்கள், பிறகு துவாயில் விட்டுப் பாருங்கள். கட்டைக் கழற்றும்போது இழுத்தால் தோல் உரியும். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் எடுத்துப் பிளாஸ்டரில் மட்டும் தடவுங்கள், தானாகக் கழன்று வரும்.