விற்பதா, ஹெட்டை இறக்குவதா?

கேள்வி: தருமபுரியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் 2013 மாடல் டீசல் கார் ஒன்றை 2,60,000 ரூபாய்க்கு வாங்கினோம். மாதம் இரண்டு முறை அம்மாவைச் சிகிச்சைக்காக சேலம் அழைத்துப் போகத்தான் முக்கியமாக வாங்கியது. ஒரு வருடமாக ஓயாத செலவு. கிளட்ச், நான்கு டயர், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஃபேன், வெடித்துப்போன மேல் ஹோஸ் என்று இதுவரை 75,000 போய்விட்டது. வாராவாரம் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறது. போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறி, வண்டி நின்றேவிட்டது. மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், 45,000 ஆகும் என்கிறார். புரோக்கர் இப்போதைய நிலையில் 1,10,000 தருவதாகச் சொல்கிறார். நன்றாக ஓடினால் 1,70,000 போகுமாம். கணவர் விற்கச் சொல்கிறார். இவ்வளவு செலவு செய்தபிறகு விற்க எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, தருமபுரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விற்பதா வேண்டாமா என்பதை இரண்டு வாரம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். ஆனால் அம்மாவை இந்தக் காரில் இனி சேலத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். தொப்பூர் கணவாய் விபத்துக்குப் பேர்போன இடம். லாரிகள் வரிசையாக ஓடும் அந்தச் சாலையில், உடம்புக்கு முடியாதவரை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பதே ஆபத்து. இன்னொன்று, சூடேறிய இன்ஜினை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பழுது பெரிதாகும். ஹெட் என்பது இன்ஜினின் மேல் மூடி; அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இன்று கேஸ்கெட்டோடு முடிகிற வேலை, நாளை ஹெட் வளைந்து விரிசல் விடும் அளவுக்குப் போய்விடும்.

உங்கள் 75,000-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கிளட்சும் டயரும் எந்தக் காரிலும் தேயும். அதை இந்தக் காரின் குற்றமாக எழுத வேண்டாம். மீதி இருப்பது தெர்மோஸ்டாட், ஃபேன், ஹோஸ், குறைந்துகொண்டே வரும் கூலன்ட். இவை நான்கு தனித்தனி வியாதி இல்லை, ஒரே வியாதியின் நான்கு அறிகுறி என்றுதான் எனக்குப் படுகிறது. ஹெட் கேஸ்கெட் கசிந்தால் சிலிண்டருக்குள் எரியும் வாயு கூலன்ட் போகும் பாதையில் புகுந்துவிடும். அந்த அழுத்தத்தில் ஹோஸ் வெடிக்கும், கூலன்ட் வெளியே தள்ளப்படும், ஏற்றத்தில் சூடு எகிறும். உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் "போயிருக்கும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி 45,000 எடுத்து வைக்காதீர்கள்.

காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது நீங்களே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள்; அப்போதும் கல்லு மாதிரி இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது கேஸ்கெட்டைத்தான் காட்டுகிறது. இன்ஜின் ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூலன்ட் மூடியை ஆறிய இன்ஜினில் மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். இந்த அறிகுறி எதுவுமே தென்படாவிட்டால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று சிறிய செலவில் முடியவும் இடம் இருக்கிறது. அவசரத்துக்கு என்று போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து அடைத்திருக்கும். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் டெஸ்ட்டும், இன்ஜினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். 45,000-க்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால், வேலையை இரண்டு கட்டமாகப் பேசுங்கள். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து, வளைவும் விரிசலும் பார்க்க எவ்வளவு என்பது முதல் பேச்சு. பார்த்தபிறகுதான் மீதி. வளைவு லேசாக இருந்தால் ஃபேஸிங் செய்து, அதாவது மட்டமாகச் சீவி, சரியாக்கிவிடலாம். விரிசல் விட்டிருந்தாலோ பிளாக்கே பாதித்திருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் இந்தக் காருக்குப் பணம் போடக்கூடாது. வேலையைத் தொடர்வதாக இருந்தால் ஹெட் போல்ட் புதிதாகப் போடுகிறார்களா, வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் கருகியிருக்கிறது என்று நல்ல மெக்கானிக் விரலை வைத்துக் காட்டுவார்.

இப்போது பணம். செலவான 75,000 சரி செய்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. மனசு வராதது எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 45,000 போட்டு உடனே விற்றால், புரோக்கர் வாய்வார்த்தையாகச் சொன்ன 1,70,000 அப்படியே கிடைத்தாலும் நிகரமாக 15,000தான் கூடுதல். அதற்காக அலைய வேண்டாம். ஆகவே சரி செய்வதென்றால், வைத்து ஓட்டுவதற்காக மட்டுமே சரி செய்யுங்கள். ஹெட் நல்லபடியாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். கையில் வரும் 1,10,000-க்கு வாங்கும் வேறு காரின் கிளட்ச் எப்போது போகும், டயர் எத்தனை மாதம் வரும் என்று யாருக்குத் தெரியும்? இதில் அவை புதுசு. உங்கள் ஆர்.சி. (பதிவுச் சான்று) 2028 வரை இருக்கும். அதுவரை ஓட்டிவிட்டு, முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். 15 வருடம் கடந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தையே 2022 ஏப்ரலில் மத்திய விதிப்படி 5,000 ரூபாய் ஆக்கினார்கள், பசுமை வரி தனி. வாங்குகிறவர் அதையெல்லாம் விலையில் கழித்துத்தான் கேட்பார்.

விற்கத்தான் வேண்டும் என்று முடிவானால், பழுதை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். கசிவை அடைக்கும் திரவம் ஏதாவது ஊற்றித் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வண்டியிலும் ஒரு குடும்பம்தான் தொப்பூர் ஏறப்போகிறது.

பெயர் மாற்றத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். "29, 30 படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க மேடம், மத்தது நான் பாத்துக்கறேன்" என்பார் புரோக்கர். வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், 2007-ல் விற்ற கார் பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறாததால், முதலில் விற்றவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று ஆனது. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவங்களின் நகல், வாங்கியவரின் ஆதார் நகல், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அனுமதி பெற்ற பழைய கார் டீலரிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள 29சி படிவ நடைமுறைப்படி, காரை அந்த டீலரிடம் ஒப்படைத்த பதிவு இருக்க வேண்டும். கார் லோன் பாக்கி இருந்தால் அதை அடைத்து, வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் 35-ம் படிவமும் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸில் நோ க்ளைம் போனஸ் (க்ளைம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) சேர்ந்திருந்தால் அது உங்களுடையது, காரோடு போவதில்லை. கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

இதற்கிடையில் சேலத்துக்கு வாடகைக் காரிலேயே போய் வாருங்கள். போய்வர ஆகும் வாடகையை 24-ஆல் பெருக்கி, காரின் வருடாந்திர இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டீசல் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊருக்குள் ஸ்கூட்டரே போதும் என்கிற குடும்பமாக இருந்தால், இந்தக் காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்காமலே இருப்பதும் ஒரு வழிதான். டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். அம்மா சீக்கிரம் குணமாக வேண்டும்.