முள்ளங்கியும் மீன் தலையும்

தம்பி, ஜப்பான் வந்து மூன்று மாதம் ஆகியும் மீன் வாங்கத் தைரியம் வரவில்லை, காய் விலை கட்டுப்படியாகவில்லை, வீட்டில் என்னதான் சமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். தோக்கியோவில் 14 வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். முதல் இரண்டு வருடம் ஜனவரியிலும் கத்தரிக்காய் தேடி அலைந்தேன். விலையும் கூடுதல், ருசியும் இல்லை.

இங்கே 'ஷுன்' என்பார்கள். ஒரு காயோ மீனோ நல்ல ருசியோடு இருக்கும் பருவம் அது. பெரும்பாலும் அப்போதுதான் மலிவாகவும் கிடைக்கும். தோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் (1603–1868) பருவத்தின் முதல் விளைச்சலைச் சாப்பிட்டால் ஆயுள் 75 நாள் கூடும் என்று நம்பினார்கள். அந்தப் பழைய சமையலில் எனக்குப் பிடித்தது, ஒரே பருவத்து மீனையும் காயையும் ஒரே சட்டியில் சேர்ப்பது. ஒற்றை அடுப்பு உள்ள உங்கள் அறைக்கு அதுவே போதும்.

இது குளிர்காலம், அதனால் 'புரி' என்னும் மீனும் முள்ளங்கியும். கடையில் 'அரா' என்று தலை, எலும்பு, செவுளை ஒட்டிய சதையெல்லாம் பொட்டலமாக வைத்திருப்பார்கள். துண்டு மீனைவிட மிகவும் மலிவு. உப்புத் தூவிக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு கொதிநீரை மேலே ஊற்றினால் சதை வெளுக்கும். உடனே குளிர்ந்த நீரில் போட்டு, எலும்பு இடுக்கில் உறைந்திருக்கும் ரத்தத்தை விரலால் நோண்டி எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல்படாதீர்கள், கவிச்சி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முள்ளங்கியின் தோலைத் தடிமனாகச் சீவி, இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, அரிசி களைந்த நீரில் வேகவிடுங்கள். கசப்பு போய்விடும். களையத் தேவையில்லாத அரிசிதான் வீட்டில் இருக்கிறதென்றால், அதில் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் இரண்டையும் சேர்த்து இஞ்சி, சாக்கே (அரிசி மது), சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை. தண்ணீர் மட்டாக ஊற்றி, சாறு சுண்டும்வரை சிறு தீயில் விடுங்கள்.

இன்னொரு நாள் 'நெகிமா' செய்து பாருங்கள். மகுரோ என்னும் பெரிய சூரை மீனின் கொழுப்புச் சதையையும் நீளவெங்காயத்தையும் சோயாச் சாற்றில் கொதிக்க வைப்பது. இன்று கொள்ளை விலைக்குப் போகும் அந்தச் சதையை எடோக்காரர்கள் மதிக்கவே இல்லை. சீக்கிரம் கெடும், சோயாவில் ஊறவைத்தாலும் சாறு உள்ளே இறங்காது. அதனால்தான் அது ஏழைகளின் சட்டிக்கு வந்தது. நீங்கள் சாதாரணத் துண்டுகளே வாங்குங்கள், போதும்.

முழு மீன் வாங்கினால் மீன் பகுதியில் கேளுங்கள், பல கடைகளில் சுத்தம் செய்து தருவார்கள். பாஷை வராவிட்டால் கையால் வெட்டிக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள், நான் ஒரு வருடம் அப்படித்தான் காட்டினேன்.

சரி, புரி முள்ளங்கியை இரவே செய்து வையுங்கள். ஆறும்போதுதான் சாறு முள்ளங்கியின் நடுவரை ஏறும், மறுநாள் சுடுசோற்றோடு சாப்பிடலாம்.